துணி அலக்கும் கல்லடி மண்புழுவில் கேலக்ஸோலைடு: கண்ட்ரோல் புழுவிலும் வருகிறதே, கணக்கை எப்படி நம்புவது?

இரணியல்காரி எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி வருட பிராஜெக்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு இரணியல் பக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்ன விளை. ஆறு தென்னை, மீதி வாழை, வேலியோரம் மரச்சீனி. கிணற்றுக்குப் பக்கத்தில் துணி அலக்கும் கல். அலக்கின தண்ணீர் ஒரு சாண் அகல ஓடை வழியாக மட்டி வாழை மூட்டுக்குப் போகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். முன்பு பார் சோப்பு மட்டும். இப்போது லிக்விட், அப்புறம் கடைசி அலசலுக்கு ஒரு மூடி வாசனைத் திரவம்.

போன கோடையில் அந்த மூட்டைக் கிளறி எரு வைத்தேன். சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் கருப்பாக, ஈரமாக, புழு நெளிகிற மண். ஒரு கை அள்ளி முகர்ந்தேன். மண் வாசம் இல்லை. மடித்து வைத்த துணியின் வாசம். புழுவை உள்ளங்கையில் வைத்துக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவிவிட்டு முகர்ந்தேன், அப்போதும் அதே வாசம். என் பிராஜெக்ட் அந்த இடத்தில்தான் தொடங்கியது: வாசனைத் திரவங்களில் போடும் கேலக்ஸோலைடு என்ற செயற்கை வாசனைப்பொருள் மண்ணிலிருந்து புழுவுக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டுக் கோழிகள் ஏழும் நாள் முழுவதும் அந்த மூட்டில்தான் கிண்டும். அக்காவின் குழந்தைக்கு ஒன்பது மாதம், இப்போதுதான் முட்டையின் மஞ்சள் கரு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற, குடுக்கலாமா வேண்டாமா, சொல்லு" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

செய்தது இது. கல்லடி மண், விளையின் மேல் மூலையில் சோப்புத் தண்ணீரே படாத மண் (இது கண்ட்ரோல்), ஆய்வகத்தில் கலந்த செயற்கை மண்ணில் அளந்து கேலக்ஸோலைடு சேர்த்தது என மூன்று வகை. மண்புழுவில் ரசாயனம் சேர்வதை அளக்கும் ஓஈசிடி 317 வழிமுறைப்படி ஒரு புழுவுக்கு 50 கிராம் உலர்மண் கணக்கில் பெட்டிக்கு 500 கிராம் மண், பத்துப் புழு. 21 நாள் ஏற விட்டு, பிறகு சுத்தமான மண்ணுக்கு மாற்றி 21 நாள் இறங்க விட்டேன். புழு, மண்புழு உரம் போடும் ஒருவரிடம் வாங்கியது. ஹெக்ஸேன்–அசிட்டோனில் இறக்கி, சிலிக்காவில் சுத்தம் செய்து, வெளியே ஒரு ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளின், அதாவது அயனிகளின், எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி) பார்த்தேன்.

சிக்கல்கள்:

கண்ட்ரோல் புழுவிலும் 243 அயனியில் பீக் வருகிறது. சின்னதுதான், ஆனால் எல்லா மாதிரியிலும் வருகிறது.

அந்த பீக்கே இரண்டாகப் பிளந்து தெரிகிறது. பக்கத்தில் இன்னொன்றும் நிற்கிறது.

புழுவில் உள்ள அளவை மண்ணில் உள்ள அளவால் வகுத்தால் ஒரே நாளில் எடுத்த இரண்டு பெட்டிகளுக்கு இடையே மூன்று மடங்கு வித்தியாசம்.

கைடு சொல்கிறார்: "மீனில் உயிர்ச்செறிவு எண், அதாவது தண்ணீரில் இருப்பதைப்போல் உடம்பில் எத்தனை மடங்கு என்பது, 1,600க்குள்தான். 2,000 தாண்டினால்தான் உடம்பில் சேரும் பொருள் என்று ஐரோப்பிய விதி. அதை எழுதி முடித்துவிடு." எனக்கு மனம் ஒப்பவில்லை. மீனுக்குச் சொன்னது கோழிக்குப் பொருந்துமா?

---

ஜிசி_அண்ணன் எழுதியது

தங்கச்சி, முதலில் அந்தக் கண்ட்ரோல் பீக். அது புழுவிலிருந்து வந்ததா, உங்கள் கையிலிருந்து வந்ததா என்று தெரியாமல் மற்ற எதையும் பேச முடியாது.

கேலக்ஸோலைடு 1960களில் சந்தைக்கு வந்த செயற்கைக் கஸ்தூரி. சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு, கை கழுவும் லிக்விட், பவுடர் என்று எதில்தான் இல்லை? நீங்கள் போட்டிருக்கும் லேப் கோட்டை வீட்டில் எதில் அலக்கினீர்கள்? அதே வாசனைத் திரவத்தில்தானே? அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹெக்ஸேன் பீக்கரின் மேல் குனிந்தால், பீக்கருக்குள்ளும் அது போகும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இரண்டு மாத மாதிரிகளை இப்படித்தான் இழந்தேன். எங்கள் ஆய்வகத்தில் தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார்கள். காற்றிலிருந்து வடிதாள் இழுத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை பத்தி கொளுத்தாமல் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு வாசனை இல்லாத சோப்பில் குளியுங்கள். லேப் கோட்டை வெறும் சலவைச் சோடாவில் அலசுங்கள். பவுடர், கிரீம், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்பில் கழுவி நிறுத்தாமல் 400 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு எடுங்கள். அளவு குறித்த குடுவைகளை மட்டும் சுடாதீர்கள், அவற்றைக் கரைப்பானால் அலசினால் போதும். ஒவ்வொரு தொகுதியிலும் புழுவும் மண்ணும் இல்லாமல் வெறும் கரைப்பானை எல்லாப் படிகளிலும் கடத்தி மூன்று பிளாங்க் வையுங்கள். பிளாங்கின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி, அதற்குக் கீழே வருவதை "கண்டறியப்படவில்லை" என்று எழுதுங்கள். பிளாங்கில் வருகிற அதே அளவு கண்ட்ரோல் புழுவிலும் வந்தால் அது புழுவினுடையது அல்ல.

இரட்டைப் பீக் தவறு அல்ல. கேலக்ஸோலைடு மூலக்கூறில் இரண்டு கைரல் மையங்கள் (இடக்கை, வலக்கை போல இரு விதமாக அமையக்கூடிய இடங்கள்), ஆக நான்கு வடிவங்கள். ஜிசியின் சாதாரண பிரிகுழாய் (column) அவற்றை இரண்டு ஜோடியாகப் பிரித்துக் காட்டும். பக்கத்தில் நிற்பது டோனலைடு என்ற இன்னொரு செயற்கைக் கஸ்தூரியாக இருக்கலாம். அதுவும் சி18எச்26ஓ, அதே 258 எடை, அதற்கும் 243 அயனி உண்டு. 213 வந்தால் கேலக்ஸோலைடு, 187 வந்தால் டோனலைடு. இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கூட்டியிருந்தால் உங்கள் எண்கள் எல்லாமே கூடுதலாக இருக்கும். அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

---

குலசேகரம்_சார் எழுதியது

மக்களே, நான் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன், இப்போது ரப்பர் மூட்டில் மண்புழு உரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேதியியலை அவர் பார்த்துக்கொள்வார். நான் புழுவைப் பற்றிச் சொல்கிறேன்.

குடலைக் காலி செய்தாயா? நீ எழுதியதில் அதைக் காணவில்லை. மண்புழு என்றால் ஒரு தோல் குழாய், உள்ளே மண். மண்ணோடு சேர்த்து அரைத்தால் நீ அளந்தது புழுவின் உடம்பை அல்ல, அது தின்ற மண்ணை. ஒரு பெட்டியில் புழு அப்போதுதான் தின்றிருக்கும், இன்னொரு பெட்டியில் கழித்திருக்கும். உன் மூன்று மடங்கு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஈர வடிதாள் விரித்த கண்ணாடித் தட்டில் ஒரு இரவு விடு. காலையில் பார்த்தால் தாள் முழுவதும் கருப்பு உருண்டைகள் கிடக்கும், புழுவின் வால் பகுதி வெளிறி, வெளிச்சம் ஊடுருவுவது போலத் தெரியும். வாலில் இன்னும் கருப்புக் கோடு தெரிந்தால் இன்னும் காலியாகவில்லை. தாளை மாற்றிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் கழித்ததையே திரும்பத் தின்னும்.

அடுத்தது, எந்தப் புழு? நம் பக்கம் உரக்காரர்கள் தருவது பெரும்பாலும் யூட்ரிலஸ், ஆப்பிரிக்கப் புழு. வழிமுறையில் சொல்லியிருப்பது ஐசீனியா. யூட்ரிலஸ் வைத்துச் செய்வது குற்றம் அல்ல, ஆனால் பெயரைச் சரியாக எழுது. வழிமுறை 20 டிகிரி கேட்கிறது, நாகர்கோவிலில் ஏசி இல்லாத அறையில் பங்குனி மாதம் அது எங்கே கிடைக்கும்? சூட்டில் புழு அதிகம் தின்னும், மண்ணிலிருந்து வாசனைப்பொருளும் ஆவியாகிப் போகும். அதனால் முதல் நாள் மண்ணில் இருந்த அளவை வைத்து வகுக்காதே. புழு எடுக்கும் ஒவ்வொரு நாளும் மண்ணையும் எடுத்து அளந்து, அந்த நாள் அளவால் வகு.

செயற்கை மண்ணுக்கு எது கலந்தாய்? பீட் (சதுப்பு நில மக்கு) கிடைத்திருக்காது. நம் ஊரில் தென்னைநார்க் கழிவு கலக்கலாம், வெப்பநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கல.

எடையும் பார். தீனி இல்லாமல் புழு மெலிந்தால், பொருள் ஏறாமலே செறிவு ஏறினது போலக் காட்டும். பொடித்த சாணம் கொஞ்சம் போடு.

---

இரணியல்காரி எழுதியது

சார், குடலைக் காலி செய்யவே இல்லை. தண்ணீரில் கழுவி, தாளில் ஒற்றி, நேரே உறைய வைத்துவிட்டேன். முதல் தொகுதி முழுக்க அப்படித்தான். மனசு கனத்துப்போயிற்று, ஆனால் காரணம் தெரிந்ததே பெரிது. தென்னைநார்க் கழிவுதான் கலந்தேன், அலசிவிட்டுத்தான்.

அண்ணா, 187 அயனியில் பார்த்தேன். டோனலைடும் இருக்கிறது. இரண்டையும் கூட்டித்தான் வைத்திருந்தேன்.

---

பள்ளியாடி எழுதியது

தெரியாமல் கேட்கிறேன். துணியில் வாசம் இரண்டு நாளில் போய்விடுகிறதே. ஆவியாகிப் போகிற பொருள் உடம்பில் எப்படித் தங்கும்?

---

மார்த்தாண்டம்_அக்கா எழுதியது

நல்ல கேள்வி. வாசனைக் கலவையில் எல்லாம் ஒன்றுபோல் ஆவியாவதில்லை. எலுமிச்சை வாசம் முதலில் ஓடிவிடும். கஸ்தூரி வகையைச் சேர்ப்பதே கடைசி வரை துணியில் நிற்பதற்காகத்தான். நம் மூக்கு பழகிப்போவதால் வாசம் தெரிவதில்லை, பொருள் அங்கேயேதான் இருக்கும்.

இப்போது தங்கைக்கு. நான் மார்த்தாண்டத்துக்காரி, வெளியூரில் ரசாயனப் பதிவுக்கான மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதுவது வேலை. உங்கள் கைடு சொன்ன எண்கள் சரி. நீல கில் மீனில் கேலக்ஸோலைடின் உயிர்ச்செறிவு எண் 1,584. ரசாயனங்களுக்கான ஐரோப்பிய ரீச் விதியின் பதின்மூன்றாம் இணைப்பில் எல்லை 2,000, "மிக அதிகம்" என்பதற்கு 5,000. ஆனால் அந்த எண் பதில் சொல்வது செவுளால் மூச்சு விடும் உயிருக்கு. உங்கள் அம்மா கேட்டது கோழியைப் பற்றி.

மீன் உடம்பிலிருந்து ஒரு பொருள் வெளியே போகும் பெரிய வாசல் செவுள். செவுளுக்கு வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்தப் பொருள் கொழுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே எப்படிப் பிரிகிறது என்பது, அதாவது ஆக்டனால்–நீர் எண், அங்கே முக்கியம். கோழிக்குச் செவுள் இல்லை, நுரையீரல். மூச்சில் வெளியேற வேண்டுமானால் பொருள் கொழுப்பை விட்டுக் காற்றுக்கு வர வேண்டும். அதைச் சொல்வது ஆக்டனால்–காற்று எண். அது பெரிதாக இருந்தால் மூச்சு வாசல் அடைத்த மாதிரி. தண்ணீரில் கொஞ்சம் கரைகிற பொருளாக இருந்தால் மீன் கழுவிவிடும், தரைவிலங்கால் கழுவ முடியாது.

2007ல் 'சயின்ஸ்' இதழில் கனடாக்காரர்கள் இதை ஆர்க்டிக் உணவுச் சங்கிலிகளை வைத்துக் காட்டினார்கள். லாக் (மடக்கை) ஆக்டனால்–காற்று 6க்கு மேல், லாக் ஆக்டனால்–நீர் 2க்கு மேல் இருந்து, உடம்பு அதைச் சிதைக்காவிட்டால், காற்று சுவாசிக்கும் விலங்குகளில் படிக்குப் படி பெருகும், மீனில் பெருகாவிட்டாலும். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று பீட்டா எச்சிஎச். நம் அப்பாமார் வயலில் வெறுங்கையால் தூவிய பிஎச்சி பூச்சிமருந்துப் பொடிக்குள் இருந்தது அதுதான். இந்தியாவில் 1997ல் தடை செய்தார்கள்.

கேலக்ஸோலைடுக்கு நீங்களே கணக்குப் போடலாம். லாக் ஆக்டனால்–நீர் 5.9. ஹென்றி மாறிலி (தண்ணீரிலிருந்து காற்றுக்கு எவ்வளவு எளிதில் போகும் என்பது) 11.3 பாஸ்கல் கன மீட்டர்/மோல். அதை வாயு மாறிலியும் 298 கெல்வினும் பெருக்கி வரும் 2,478ஆல் வகுத்தால் 0.0046, அதன் லாக் −2.3. 5.9லிருந்து இதைக் கழித்தால் 8.2. ஆறுக்கு மேலே இரண்டு படி. ஆக "மீனில் 2,000க்குக் கீழே" என்று எழுதி இதை மூட முடியாது. விதியிலும் 2011 திருத்தத்துக்குப் பிறகு தரைவாழ் உயிர்களின் தரவைச் சேர்த்துப் பார்க்க இடம் இருக்கிறது. கைடிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே நேரம் பயப்படவும் அவசரம் வேண்டாம். 5.9 உள்ள ஒரு பொருளுக்கு மீனில் எவ்வளவு வர வேண்டும் என்று பழைய சமன்பாட்டில் (0.85 பெருக்கல் 5.9, கழித்தல் 0.70) போட்டால் 20,000க்கு மேல் வருகிறது. அளந்தது 1,584. இடையில் காணாமல் போனது எங்கே? மீன் அதை உடைக்கிறது. லாக்டோன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. கோழியின் ஈரலும் உடைக்கலாம். மண்புழுவின் உடைக்கும் திறன் பொதுவாகக் குறைவு. அதனால்தான் எண்ணிலிருந்து ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது, நீங்கள் செய்வது அதுதான். முடிந்தால் லாக்டோனையும் அளந்து பாருங்கள். தாய்ப்பொருளை மட்டும் பார்த்தால் "போய்விட்டது" என்று தோன்றும், மாறியிருப்பது தெரியாது.

புழுவுக்கான எதிர்பார்ப்பு: புழுவின் கொழுப்பும் மண்ணின் கரிமமும் ஏறத்தாழ ஒரே வலுவில் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுவில் கொழுப்பு 1 சதவீதம், மண்ணில் கரிமம் 2 சதவீதம் என்றால் விகிதம் அரை. அதே புழுவை 0.5 சதவீதம் கரிமம் உள்ள மணலில் விட்டால் இரண்டு. பொருள் மாறவில்லை, புழு மாறவில்லை, எண் நான்கு மடங்கு மாறிவிட்டது. முட்டத்து மணலுக்கும் பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்து மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆகவே கொழுப்பு, கரிமம் இரண்டையும் அளந்து சமப்படுத்திய எண்ணையும் கொடுங்கள். அமெரிக்காவில் சாக்கடைக் கசடு போட்ட வயலில் பிடித்த புழுக்களை 2008ல் ஒரு ஆய்வு அளந்தது. புழு–மண் விகிதம் கேலக்ஸோலைடுக்கு 0.05, சோப்பில் போடும் கிருமிநாசினியான டிரைகுளோசானுக்கு 27. உங்கள் எண் 0.05க்கு மிகத் தள்ளி வந்தால் குடல் மண்ணை மறுபடி சந்தேகப்படுங்கள்.

எல்லா வாசனைப்பொருளுக்கும் ஒரே தீர்ப்பு கிடையாது என்பதையும் எழுதுங்கள். மஸ்க் சைலீன் என்ற இன்னொரு செயற்கைக் கஸ்தூரி, மிக அதிகம் நிலைத்து மிக அதிகம் சேரும் பொருள் என்று ஐரோப்பாவில் 2008ல் பட்டியலில் ஏறியது. செயற்கைக் கஸ்தூரிக் குடும்பம் முதலில் கண்ணில் பட்டதே ஜப்பானின் தாமா ஆற்று மீனில், 1980களின் தொடக்கத்தில். 1990களில் ஜெர்மனியில் தாய்ப்பாலிலும் கேலக்ஸோலைடைக் கண்டார்கள். அது பெரும்பாலும் தோலில் பூசிக்கொள்வதிலிருந்து வருவது. உங்கள் அக்கா குழந்தையின் துணியை எதில் அலசுகிறார் என்று கேளுங்கள். முட்டைக்கு முன்னால் அதுதான் வரும்.

முட்டையைப் பார்க்க நினைத்தால் வெள்ளைக் கருவில் நேரத்தை விரயம் செய்யாதீர்கள். மஞ்சள் கருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, இருந்தால் அங்கேதான் இருக்கும். முட்டையிடுவதே கோழிக்கு ஒரு கழிவு வாசல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

இரணியல்காரி எழுதியது (ஏழு வாரம் கழித்து)

அண்ணா, சார், அக்கா மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லேப் கோட்டைச் சலவைச் சோடாவில் அலசினேன். கையில் சந்திரிகை சோப்புகூட இல்லை, வெறும் பயத்தமாவு. கண்ணாடியைச் சுட்டேன். ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று பிளாங்க். கண்ட்ரோல் புழுவில் பீக் பிளாங்க் அளவுக்கு இறங்கிவிட்டது. அது என் கோட்டுதான். கல்லடி மண் புழுவில் இறங்கவில்லை. 243, 258, 213 மூன்றும் சரியான விகிதத்தில் நிற்கின்றன.

குடல் காலியான பிறகு பெட்டிகளுக்கு இடையே இருந்த வித்தியாசம் பெருமளவு போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து தாள் மாற்றினேன். சார் சொன்ன மாதிரி வால் வெளிறுவது டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறது. முதல் தொகுதியின் எண்களை ஆய்வேட்டில் தனி அட்டவணையாக, குடல் கழியாதது என்று எழுதிச் சேர்த்திருக்கிறேன். புதிய தொகுதியில் புழு–மண் விகிதம் ஒன்றுக்குக் கீழேதான் வருகிறது. சுத்த மண்ணுக்கு மாற்றிய முதல் வாரத்திலேயே பாதிக்கு மேல் இறங்குகிறது. ஆனால் என் வீட்டுக் கல்லடியில் சுத்த மண் என்று ஒன்று வருவதே இல்லையே, தினமும் ஒரு வாளி வருகிறது. அதைத்தான் விவாதப் பகுதியில் முதல் பத்தியாக வைத்திருக்கிறேன்.

கைடு ஆக்டனால்–காற்றுக் கணக்கை இரண்டு தடவை அவரே போட்டுப் பார்த்தார். மீன் எண்ணை முடிவுரையிலிருந்து எடுத்து முன்னுரையில் வைக்கச் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் தெரிந்ததை அப்படியே சொன்னேன்: புழுவில் இருக்கிறது, பெருகவில்லை, முட்டையில் இன்னும் பார்க்கவில்லை. அம்மா அன்றைக்கே வாழை மூட்டைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டிவிட்டார். குழந்தையின் துணிக்கு வாசனைத் திரவம் ஊற்றுவதை அக்கா நிறுத்திவிட்டாள். வலை கட்டுவதற்கு முந்தின நாள் முட்டையில் ஆறு மஞ்சள் கரு, கட்டி ஒரு மாதம் கழித்து ஆறு, சுட்ட கண்ணாடிக் குப்பிகளில் ஃப்ரீசரில் இருக்கின்றன. அடுத்த வாரம் ஜிசி நேரம் கிடைக்கிறது.

அக்கா, லாக்டோனுக்கு எந்த அயனியில் பார்க்க வேண்டும்?